மாப்பிள்ளை என்கிற அலகு

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகுக்கு அணைவாக, கைக்குத் தாங்கலாக, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராதபடி இருக்கிறது. எங்கள் அறைக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் நிர்வாகம் கையை விரித்தது. விசாரணைக்கு வந்தால் கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் முன்பே வந்திருப்பேன்.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்கிறேன். செய்ததை நானேதான் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன்; யாரும் என்னைத் துரத்திப் பிடிக்கவில்லை. உங்கள் அறிக்கையில் இதை முதலிலேயே போட்டுவிட்டால் நல்லது. பிற்பாடு படிக்கிறவர்கள் என்னை ஏதோ திருட்டுத்தனம் செய்தவன் என்று நினைத்துவிடக் கூடாது.

என் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்த தங்கைக்கே அது சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ எண்ணுறான்" என்பாள். நம் நிறுவனம் மென்பொருள் எழுதி விற்கிறது. வாடிக்கையாளர் வந்து, எனக்கு இன்னின்னது வேண்டும், எத்தனை நாள் ஆகும், எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வது நான். ஒருவர் ஒரு நாளில் செய்து முடிக்கிற வேலையை ஆள்நாள் என்போம். இதற்கு இத்தனை ஆள்நாள் என்று நான் எழுதிக் கொடுத்தால், விலை, கெடு, ஆட்கள் எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். வேலை முடிந்த பிறகு, நம் ஆட்கள் மற்ற நிறுவனத்து ஆட்களை விட வேகமா, மந்தமா என்று ஒப்பிட்டுச் சொல்வதும் என் பொறுப்பு. அலுவலகத்தில் எனக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. நான் தேநீர் எடுக்கப் போனால் மட்டும் அங்கே பேச்சு நின்றுவிடும், எல்லாரும் திடீரென்று சர்க்கரையைக் கலக்க ஆரம்பிப்பார்கள்.

கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் ஒரு மனிதன் எவ்வளவு வேலை செய்கிறான் என்று அளப்பதைப் போல ஏமாற்றமான காரியம் வேறு இல்லை. நான் சேர்ந்த புதிதில், ஒவ்வொருவரும் எழுதுகிற புரோகிராமின் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணுகிறார்கள் என்ற சங்கதி வெளியே கசிந்த மறுவாரமே எல்லாருடைய புரோகிராமும் உடம்பு வைத்துவிட்டது. ஒரே வரியில் முடிகிற விஷயத்தை ஒரு புண்ணியவான் மாடி, படிக்கட்டு, பால்கனி எல்லாம் வைத்துக் கட்டியிருந்தார். சரி, வரி வேண்டாம், முடித்த வேலைகளை எண்ணுவோம் என்றார்கள். உடனே, திரையில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவது ஒரு வேலை, மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, மாறிவிட்டது என்று மேனேஜரிடம் சொல்வது ஒரு வேலை என்று ஆயிற்று. அதுவும் சரிப்படவில்லை, அவரவர் உழைத்த மணியை அவரவரே எழுதட்டும் என்றார்கள். எல்லாரும் எட்டு என்று எழுதினார்கள். லீவில் போயிருந்தவரும் எட்டு என்றே எழுதினார்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. அளக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். போட்டோவுக்கு நிற்கும்போது நானும் இழுத்துக்கொள்கிறவன்தான். ஆகவே, தன்னை அளக்கிறார்கள் என்பதே தெரியாத ஒருவர் வேண்டும். அவர் சூரப்புலியாகவும் இருக்கக் கூடாது, தூங்குமூஞ்சியாகவும் இருக்கக் கூடாது. முக்கியமாக, இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி இருக்கவே கூடாது. இப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று.

மாப்பிள்ளையும் நம் நிறுவனம்தான். இரண்டாம் மாடியில் புரோகிராம் எழுதுகிறவர். அவரைத் தங்கைக்குப் பார்த்ததே நான்தான். அளப்பதற்கென்றே அவரைத் தேர்ந்தெடுத்தேனா என்று நீங்கள் ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். அப்படியெல்லாம் இல்லை. நல்ல குணம், அதிர்ந்து பேசமாட்டார், கெட்ட பழக்கம் கிடையாது. வேலையில் ஒரே சீராக இருப்பார் என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதும் உண்மைதான். ஒரு நல்ல விஷயம் இரண்டு விதத்தில் நல்லதாக இருந்தால் அதில் தப்பென்ன.

அவருடைய சீரை நீங்கள் பார்த்ததில்லை. ஸ்கூட்டரை மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே வேகத்தில் ஓட்டுவார். சாப்பிடும்போது முதல் கவளத்துக்கும் கடைசிக் கவளத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கல்யாண வீட்டில் எல்லாரும் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, வழக்கமான நிதானத்தில் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது. தங்கையைப் பிரிகிற துக்கம் என்று சொந்தக்காரர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

செய்முறை இதுதான். புதிதாக எந்த வேலை வந்தாலும், அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அவருடைய மேனேஜர் மூலமாக முதலில் மாப்பிள்ளையின் மேஜைக்கு அனுப்புவேன். எதற்கு என்று சொல்லமாட்டேன். அவர் அதை முடிக்க எடுத்துக்கொள்கிற நேரம்தான் என் அலகு. அதை வைத்து மொத்த வேலைக்கும் பெருக்கிப் பார்ப்பேன். அப்படிக் கணக்குப் போட்ட முதல் வேலை, நான் சொன்ன தேதியில் முடிந்தது. இந்தக் கட்டிடத்தில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. டீமே மிரண்டுபோனது. எதையோ மறந்துவிட்டோம், அதனால்தான் முடிந்துவிட்டது என்று எல்லாரும் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்ததும் முடிந்தது. அதற்கடுத்ததும் முடிந்தது. இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ரகசியம் என்ன என்று கேட்டார். அடிப்படை அலகு ஒன்று வைத்திருக்கிறேன், அது அசையாமல் இருக்கிறவரை கணக்கும் அசையாது என்றேன். "அப்ப அதை அசைய விட்டுடாதீங்க" என்றார். அலகு என்பது எது, யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதை நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன்.

முதல் அசைவு மின்னலால் வந்தது. அவள் பெயர் அதுவல்ல, நம் அலுவலகத்தில் வைத்த பெயர். விரல் பட்டால் கீபோர்டு புகையும் என்பார்கள். அவளைக் கொண்டுபோய் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டார்கள். அவளும் சும்மா இருக்காமல், தான் செய்து வைத்திருந்த குறுக்குவழிகளை எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை பாதி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

உங்களுக்கு இது நல்ல செய்தியாகப் படும். என் இடத்திலிருந்து பாருங்கள். அவர் பாதி நேரத்தில் முடித்தால், மொத்த வேலைக்கும் நான் பாதி நாள்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் யாரும் மின்னலிடம் பாடம் கேட்டவர்கள் இல்லை. கெடு தவறும், வாடிக்கையாளர் கத்துவார், ஒரு டீமே திட்டு வாங்கும். துணிக்கடையில் அளக்கிற கம்பி தினமும் கொஞ்சம் நீண்டால் கடைக்காரர் என்ன செய்வார். நான் மின்னலுக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்து ஐந்தாம் மாடிக்கு அனுப்பிவிட்டேன். அவள் என் அறைக்கு வந்து, "சார், என்னை யாரு கவனிச்சாங்கன்னே தெரியாம இருந்தேன்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இதில் யாருக்கு நஷ்டம் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

மாப்பிள்ளைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "நல்லா சொல்லிக் குடுத்துச்சு மச்சான் அந்தப் பொண்ணு. இன்னும் நெறைய கத்துக்கலாம்னு பாத்தேன்" என்றார். பழகாத கை கொஞ்ச நாளில் மறந்துவிடும் என்று நான் கணக்கிட்டிருந்தேன். மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் முன்கூட்டியே பார்த்து நடந்துகொண்டேன். பயிற்சி வகுப்புகளுக்குப் பெயர் கேட்பார்கள். மாப்பிள்ளையின் பெயர் வராது. எல்லாருக்கும் புது லேப்டாப் வந்தது, அவருக்கு வரவில்லை. பெயர் எப்படியோ விட்டுப்போயிற்று என்று ஸ்டோர்காரர் தலையைச் சொறிந்தார். எப்படி என்று இங்கே சொல்லிவிடுகிறேன், நான்தான் எடுத்தேன். பாவம், அந்த ஸ்டோர்காரரை இனிமேல் யாரும் திட்ட வேண்டாம். மாப்பிள்ளையின் பழைய பெட்டி காலையில் உயிர் வருவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடித்துவிடலாம். அவரும் குடித்து முடிப்பார். ஒரு நாளும் அவர் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை, அதனால்தான் அவர் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

டீம் தலைவர் பதவி ஒன்று காலியானபோது அவருடைய பெயர் வந்தது. உறவுக்காரர் என்பதால் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். தங்கமான மனிதர், ஆனால் குடும்பம், குழந்தை என்று இருக்கிறவர், பொறுப்பை ஏற்றினால் நொடிந்துவிடுவார் என்றேன். தங்கமான மனிதர் என்ற வார்த்தையை நான் மனதாரத்தான் சொன்னேன். அந்த வருஷம் அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு என் தங்கை என் வீட்டுக்கு வந்து புலம்பினாள். அவளைச் சமாதானப்படுத்தி, வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்பியதும் நான்தான்.

உங்கள் பேனா வேகமாக ஓடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அலகு மேலே போகக் கூடாது என்றால், கீழேயும் போகக் கூடாது. பாப்பா பிறந்தபோது அவர் தூக்கம் கெட்டு, கண் சிவந்து, ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். உடனே நான் அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையாக நடந்து, அவள் தூங்கிய பிறகும் இறக்கி வைக்காமல் சுமந்தேன். உள்ளே மாப்பிள்ளை அயர்ந்து தூங்கினார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் வண்டியில் கூட்டிக்கொண்டு போவேன். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், அன்றைக்கே போய்ச் சேர்த்து வைப்பேன். அதுவும் மாப்பிள்ளை பக்கம் பேசுவேன். ஏனென்றால் சண்டை போட்ட மறுநாள் அவருடைய புரோகிராமில் பிழைகள் பெருகும், என் தங்கை எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். "உன்னை மாதிரி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைப்பான்" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படி, கூடினால் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, குறைந்தால் கொஞ்சம் தள்ளிவிட்டு, ஒரு மனிதரை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மற்ற நிறுவனங்களில் என் வேலையைச் செய்கிறவர்கள் எல்லாரும் ஆண்டுக்கொரு தரம் அலகை மாற்றிக்கொண்டு திண்டாடினார்கள். என்னுடையது அப்படியே இருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அலுவலகத்தில் மாப்பிள்ளைக்குச் சராசரி என்று பெயர் விழுந்துவிட்டது. நான் வைத்ததல்ல. அவர் சிரித்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, குழாயைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"மச்சான், நீங்க மறைக்காம சொல்லணும். எனக்கு மண்டையில ஏதாவது கம்மியா? எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க. நான் மட்டும் அங்கேயே நிக்கிறேன்."

"நீங்க எப்படி இருக்கணுமோ கரெக்டா அப்படித்தான் இருக்கீங்க மாப்ள" என்றேன்.

என் வாழ்நாளில் நான் யாருக்கும் அவ்வளவு பெரிய பாராட்டைக் கொடுத்ததில்லை. அவர் துண்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

அதன் பிறகுதான் அந்தத் தேர்வு விஷயம். கடற்கரை ஊர் ஒன்றில் வேறொரு நிறுவனத்தில் அவருக்கு ஒரு வேலை வாய்ப்பு வந்தது. பெரிய பதவி. சராசரி என்று கூப்பிட அங்கே யாருக்கும் தெரியாது. தங்கை இரண்டு கை நிறையக் கனவு கண்டுகொண்டிருந்தாள். போனில் வாடகை வீடுகளின் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலைப் பெரிதாக்கி, கடல் தெரிகிறதா என்று என்னிடம் காட்டுவாள். பாப்பா தன் பள்ளிக்கூடத் தோழிகளிடம் ஏற்கெனவே விடை பெற்றுக்கொண்டாள். மாப்பிள்ளை ஒரு புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும், அது பிடித்திருந்தால் வேலை. அவ்வளவுதான் மிச்சம்.

நான் ஒன்றும் கவலைப்படவில்லை. அவர் எவ்வளவு தூரம் போவார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். ஆனால் ஒன்றை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். வீட்டில் தங்கையின் லேப்டாப் புதிது. அவர் அதில் உட்கார்ந்து எழுதினார். யாரும் அவரை இழுத்துப் பிடிக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு அதை என்னிடம் கொண்டுவந்து, "ஒரு தடவை பாத்துட்டு நீங்களே அனுப்பிடுங்க மச்சான். எனக்கு பயமா இருக்கு. பட்டன அமுக்க கை வர மாட்டேங்குது" என்றார்.

நானும் ஒரு காலத்தில் புரோகிராம் எழுதினவன்தான். நல்லது எது என்று எனக்குத் தெரியும். படித்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். எங்கேயும் ஒரு வரி அதிகமில்லை, ஒரு வரி குறையவில்லை. கஷ்டமான இடங்களை எல்லாம், அங்கே கஷ்டமே இல்லாதது போலத் தாண்டிப் போயிருந்தார். நம் கட்டிடத்தில் அப்படி எழுதக்கூடியவர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். மின்னலைக்கூடச் சொல்ல முடியவில்லை.

அது மாப்பிள்ளையின் வேலை மாதிரியே இல்லை. ஆகவே அதைச் சரிசெய்தேன்.

சரிசெய்தேன் என்றால், அவர் வழக்கமாக எப்படி எழுதுவாரோ அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். பிழை எதுவும் வைக்கவில்லை. அப்படிச் செய்வது துரோகம். சுருக்கமாக இருந்த இடங்களைச் சுற்றி வளைத்தேன், வேகமாக ஓடிய இடங்களைக் கொஞ்சம் நடக்க வைத்தேன், அழகாக இருந்த ஒரு யோசனையை எடுத்துவிட்டு எல்லாரும் செய்கிற மாதிரி ஒன்றைப் போட்டேன். ஓட்டிக்காட்டினால் ஓடும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. பல வருஷமாக அவரை அளந்து வந்தவன் என்பதால் எனக்கு அது கைவந்த கலையாக இருந்தது. பிறகு அனுப்பினேன்.

உங்களுக்கு இது வேறு மாதிரி தோன்றலாம். நான் நினைத்தது இதுதான். அந்த வேலையைப் பார்த்து அவர்கள் இவரை எடுத்துக்கொண்டு, போன இடத்தில் இவர் தம் பழைய வேகத்தில் வேலை செய்தால், அவமானம் யாருக்கு. நான் அவரை உள்ளபடி காட்டினேன். பொய்யான அளவு ஒன்று என் கையால் வெளியே போகக் கூடாது என்பது என் தொழில் தர்மம்.

மிகவும் மரியாதையாக, இந்த முறை இயலவில்லை என்று பதில் வந்தது. தங்கை போனில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பாப்பா மறுபடியும் தோழிகளிடம் போய், போகவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாள். கொஞ்ச நாள் மாப்பிள்ளையின் வேகம் விழுந்தது. நான் தினமும் மாலை அவரோடு நடக்கப் போய், உலக விஷயம் பேசி, சிரிக்க வைத்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அந்தச் சமயத்தில் நான் அவருக்காக எடுத்துக்கொண்ட சிரமத்தை அவருடைய சொந்த அண்ணன் எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்.

இனி, நீங்கள் எல்லாரும் பேசிக்கொள்ளும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். பல நிறுவனங்களின் உற்பத்தித் திறனை ஒப்பிட்டுத் தரவரிசை போடுகிற வெளியார் வந்திருந்தார்கள். பெரிய அறையில் இயக்குநர், மேனேஜர்கள், டீம் தலைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மின்னல் இப்போது தலைவி, அவளும் இருந்தாள். புரொஜெக்டர் வயரை யாராவது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் படம் வரும். அந்த வேலைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார்கள். கை ஆடாமல் பிடிப்பார் என்று.

வந்திருந்தவர்களில் மூத்த அம்மையார் ஒருவர் என் கணக்குகளை எல்லாம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த கம்பெனிக்குப் போனாலும் வருஷத்துக்கு வருஷம் அலகு ஆடிட்டே இருக்கு. உங்களோடது மட்டும் அசையவே இல்ல. நான் இப்படி எங்கயும் பாத்ததில்ல. எப்படி செஞ்சீங்க?"

இயக்குநர் ரகசியம் என்ன என்றுதான் கேட்டார்; எப்படிச் செய்தீர்கள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொழில் தெரிந்த ஒருவர், தொழில் தெரிந்த இன்னொருவரைக் கேட்கிறார். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அலகு ஒரு மனிதர் என்று சொன்னதும் சிரித்தார்கள். மின்னலை ஐந்தாம் மாடிக்கு அனுப்பியதைச் சொன்னபோதும் சிலர் சிரித்தார்கள், மின்னல் சிரிக்கவில்லை. பயிற்சி, லேப்டாப், பதவி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனபோது அறை அமைதியாகிவிட்டது. கவனித்துக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இயக்குநர் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். இடம் போதாமல் மிதித்துவிட்டார் என்று காலை நகர்த்திக்கொண்டேன்.

தேர்வை எப்படிச் சரிசெய்தேன் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது திரையில் படம் அணைந்தது. மாப்பிள்ளை வயரை விட்டிருந்தார்.

"அந்த டெஸ்ட்டையா மச்சான்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அவர் என் மேல் பாய்வார் என்று மேனேஜர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மாப்பிள்ளை அசையவில்லை.

"அப்ப நான் எழுதினது... நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்தது மாப்ள. நான் பாத்ததுலயே அதுதான் நல்லது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மின்னல் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அம்மையார் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டு, நம் நிறுவனத்தின் கணக்கைத் தரவரிசையில் சேர்க்க முடியாது என்றார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அத்தனை துல்லியமான கணக்கு.

மாப்பிள்ளை அதன் பிறகு இரண்டாம் மாடிக்கு வரவில்லை. மின்னல் மூலமாக எங்கேயோ வேலைக்குச் சேர்ந்துவிட்டார், பறக்கிறார் என்று கேள்வி. சந்தோஷம்தான். ஆனால் இனி அவரை வைத்து எதையும் அளக்க முடியாது.

தங்கை ஒரே ஒரு முறை என் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நான் தயாராக இருந்தேன். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு மட்டும் கேக்கணும். பாப்பா பொறந்தப்ப தோள்ல போட்டுட்டு நடந்துட்டே இருந்தியே. அவ தூங்கின பிறகும் எறக்க மாட்டேன்னியே. அதுவும் இதுக்குத்தானா?"

நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. ஆமாம் என்றேன். பாப்பாவை எனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னேன், அவளுடைய தலைமுடி வாசனை இன்னமும் என் தோளில் இருக்கிறது என்றும் சொன்னேன். அதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள். காதில் விழுந்திருக்காது.

முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனிதருடைய வாழ்க்கையை, அவருக்குத் தெரியாமல், நான் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் நன்றாக இருந்த ஒவ்வொரு முறையும் அதை முதலில் கண்டுபிடித்தது நான், கெடுத்ததும் நான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். வேலை போனால் போகட்டும்.

தங்கையைப் பற்றி மட்டும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். அண்ணன் தங்கைக்குள் வருகிற கோபம் தணிய எவ்வளவு காலம் ஆகும் என்பதும் ஒரு கணக்குத்தானே. சிறுவயதில் எந்தெந்தச் சண்டைக்கு எவ்வளவு காலம் பேசாமல் இருந்தாள் என்பதை எல்லாம் நினைவுபடுத்தி, வயதுக்குத் தக்கபடி திருத்தி, எதிர்பாராத தடங்கலுக்கென்று கொஞ்சம் தாராளமாகவே கூட்டி, அவள் திரும்பி வருகிற தேதியை எடுத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, பாப்பாவுக்கு ஒரு பட்டமும் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தத் தேதி போன மாதமே கடந்துவிட்டது. கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன், அதில் ஒரு பிழையும் இல்லை. என் தங்கைதான் தாமதம் செய்துகொண்டிருக்கிறாள்.